இறக்குமதி வரி குறைந்தபோது இந்தியத் தொழிற்சாலைகளின் உற்பத்தித்திறனுக்கு என்ன நேர்ந்தது?

வர்த்தகத்தைத் தாராளமாக்கினால் உற்பத்தித் தொழில்களின் திறன் உயரும் என்று பொருளியல் பாடநூல்கள் சொல்கின்றனவே, 1991க்குப் பிந்தைய இந்தியாவில் அதற்குச் சான்று உண்டா, உண்டென்றால் அது எந்த வழியாக நடந்தது என்பது கேள்வி. சுருக்கமாகச் சொன்னால், திறன் உயர்ந்தது. ஆனால் பலரும் நினைக்கும் வழியில் கிடைத்த உயர்வு மிகச் சிறியது. வெளிநாட்டுச் சரக்கு சந்தைக்குள் வந்து உள்நாட்டு உற்பத்தியாளரை நெருக்கியதால் கிடைத்த பலனைவிட, அந்த உற்பத்தியாளர் வாங்கும் மூலப்பொருளும் உதிரிபாகமும் இயந்திரமும் தடையின்றி உள்ளே வந்ததால் கிடைத்த பலன் பன்மடங்கு பெரியது. திறனற்ற ஆலை மூடப்பட்டு அதன் ஆட்களும் முதலும் திறனுள்ள ஆலைக்குப் போய்ச் சேரும் என்பது பாடநூல்கள் அழுத்திச் சொல்லும் இன்னொரு வழி. அது இங்கே பெரும்பாலும் நடக்கவில்லை. இவற்றுக்கான ஆதாரங்களையும், ஆதாரங்கள் ஒன்றோடொன்று முரண்படும் இடங்களையும் கீழே விளக்குகிறேன்.

முதலில் 1991க்கு முன்பிருந்த நிலை. நுகர்பொருள்களின் இறக்குமதி ஏறத்தாழ முழுவதுமாகத் தடுக்கப்பட்டிருந்தது. தொழிற்சாலைக்கு வேண்டிய இடுபொருளும் (மூலப்பொருள், உதிரிபாகம் போன்றவை) இயந்திரமும் வரலாம் என்றாலும், அவற்றில் பெரும்பகுதிக்கு உரிமம் வேண்டும். அந்த உரிமத்துக்கு, இதே பொருள் இந்தியாவில் கிடைப்பதில்லை என்று தொழில்நுட்ப மேம்பாட்டுத் தலைமை இயக்ககத்தின் ஒப்புதல் வேண்டும். உள்நாட்டில் யாரோ ஒருவர் அந்தப் பொருளைச் செய்கிறார் என்றால், அவருடைய சரக்கின் தரமும் விலையும் எப்படியிருந்தாலும் ஒப்புதல் கிடைப்பது அரிது. உரிமம் கையில் கிடைத்த பிறகும் சுங்க வரி காத்திருந்தது. உச்ச வரி 355 சதவீதம், சராசரி வரி 80 சதவீதத்துக்கு மேல். அடுத்த உரிமம் எப்போது வரும் என்று தெரியாததால், கிடைத்தபோது பல மாதத் தேவைக்கு வாங்கி அடுக்கி வைப்பதே தொழில் நடத்தும் முறையாக இருந்தது. கிடங்கில் முடங்கிய அந்தப் பணத்தின் வட்டியும் உற்பத்திச் செலவில்தான் சேர்ந்தது.

1991 கோடையில் அந்நியச் செலாவணிக் கையிருப்பு இரண்டு மூன்று வார இறக்குமதிக்கு மட்டுமே போதுமான அளவுக்குக் கரைந்து, தங்கத்தை அடகு வைக்கும் நிலை வந்தது. ஜூலை 1, 3 ஆகிய நாள்களில் ரூபாயின் மதிப்பு இரு தவணையாகக் குறைக்கப்பட்டது. ஜூலை 24 அன்று பகலில் புதிய தொழிற்கொள்கையும் மாலையில் மன்மோகன் சிங்கின் வரவுசெலவுத் திட்டமும் வந்தன. உச்ச வரி அந்த ஆண்டே 150 சதவீதத்துக்கு இறங்கி, அடுத்தடுத்த ஆண்டுகளில் 110, 85, 65 என்று குறைந்து 1995இல் 50 சதவீதத்தைத் தொட்டது. பெரும்பாலான இடுபொருள்களுக்கும் இயந்திரங்களுக்கும் இறக்குமதி உரிமம் தொடக்கத்திலேயே கைவிடப்பட்டது. நுகர்பொருள்களின் மீதான அளவுக் கட்டுப்பாடுகளோ, அமெரிக்கா தொடுத்த வழக்கில் உலக வர்த்தக அமைப்பில் இந்தியா தோற்ற பிறகு, 2001 ஏப்ரல் 1 அன்றுதான் முழுவதுமாக நீங்கின. இந்தப் பத்தாண்டு இடைவெளியைக் கவனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் முடிவுகளில் பாதி தானே விளங்கிவிடும்: 1990களில் தாராளமயம் என்பது முதன்மையாகத் தொழிற்சாலையின் கொள்முதல் பக்கத்தில் நடந்த ஒன்று.

ஆய்வாளர்கள் இந்தக் காலத்தைத் திரும்பத் திரும்ப ஆராய்வதற்கு ஒரு காரணம் உண்டு. வழக்கமாக எந்தத் தொழிலின் வரியை எவ்வளவு குறைப்பது என்பதை அந்தத் தொழிலின் செல்வாக்கும் வலிமையும் தீர்மானிக்கும். வலுவான தொழில்தான் வரிக்குறைப்புக்கு முதலில் இணங்கும். அப்படி நடந்தால், வரி குறைந்ததால் திறன் கூடியதா, திறன் இருந்ததால் வரி குறைந்ததா என்று பிரித்தறிய இயலாது. 1991இல் நெருக்கடியின் அவசரத்தாலும் சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைகளாலும், அதிக வரி இருந்த இடத்தில் அதிகமாகவும் குறைவாக இருந்த இடத்தில் குறைவாகவும் ஏறக்குறைய இயந்திரகதியில் வெட்டினார்கள். 1997 வரையிலான வரிக் குறைப்புக்கும் அந்தந்தத் தொழிலின் முந்தைய திறனுக்கும் தொடர்பு தென்படவில்லை என்பதைப் பொருளியலாளர்கள் பெட்டியா டோபலோவாவும் அமித் கண்டேல்வாலும் சரிபார்த்தார்கள். 1997க்குப் பிறகு அப்படிச் சொல்ல முடியவில்லை. பழையபடி ஆள் பார்த்து வரி விதிக்கும் பழக்கம் திரும்பிவிட்டது.

உற்பத்தித்திறன் என்று இங்கே எதை அளக்கிறோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு தொழிலாளி ஒரு மணி நேரத்தில் எவ்வளவு செய்கிறார் என்பது தொழிலாளர் உற்பத்தித்திறன். புதிய இயந்திரம் வந்தாலே அது உயர்ந்துவிடும். ஆள், இயந்திரம், மூலப்பொருள் ஆகிய அனைத்தின் பங்கையும் கழித்த பிறகும் எஞ்சி நிற்கும் கூடுதல் உற்பத்திதான் மொத்தக் காரணி உற்பத்தித்திறன். ஆய்வுகள் பேசுவது பெரும்பாலும் இதைத்தான். இதில் ஒரு பொறி இருக்கிறது. கம்பெனிக் கணக்கில் இருப்பது ரூபாயில் விற்பனை. எத்தனை உருப்படி என்பது பல நாடுகளின் தரவுகளில் இராது. வரி குறைந்து விற்பனை விலை இறங்கினால், அதே ஆள்களைக் கொண்டு அதே எண்ணிக்கையைச் செய்த ஆலையும் கணக்கில் திறன் குறைந்ததாகவே தோன்றும். 1956ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் ஒவ்வொரு பொருளையும் எவ்வளவு செய்தார்கள், எத்தனைக்கு விற்றார்கள் என்று தனித்தனியாக வெளியிடச் சொன்னதால், இந்தியத் தரவுகளில் விலையையும் அளவையும் பிரித்துப் பார்க்க முடிகிறது. உலகின் தலைசிறந்த ஆய்விதழ்களில் இந்தியத் தொழிற்சாலைகள் இத்தனை முறை இடம்பெற்றதற்கு அந்தப் பழைய சட்டப் பிரிவுக்குக் கொஞ்சம் நன்றி சொல்லலாம்.

டோபலோவா, கண்டேல்வால் இருவரின் 2011ஆம் ஆண்டு ஆய்வுதான் இந்த விவாதத்தின் மையம். ஒரு தொழில் விற்கும் பொருளின் மீதான வரி 10 சதவீதப் புள்ளி குறைந்தால் (50 சதவீதம் 40 ஆவது போல) அத்தொழிலில் உள்ள நிறுவனங்களின் உற்பத்தித்திறன் 0.32 சதவீதம் உயர்ந்தது. அதே தொழில் வாங்கும் இடுபொருள்களின் மீதான வரி 10 புள்ளி குறைந்தபோது உயர்வு 4.8 சதவீதம், அதாவது ஏறத்தாழ பதினைந்து மடங்கு. இது இந்தியாவுக்கு மட்டும் உரிய விந்தையும் அன்று. இந்தோனேசியாவில் மேரி அமிட்டியும் யோசெஃப் கோனிங்ஸும் செய்த ஆய்வில், இடுபொருள் வரி 10 புள்ளி குறைந்தபோது, இடுபொருளை இறக்குமதி செய்யும் ஆலைகளின் திறன் 12 சதவீதம் உயர்ந்தது. விற்பனைப் பொருளின் வரிக் குறைப்பால் கிடைத்த பலனைப் போல இது குறைந்தது இரு மடங்கு.

இடுபொருள் வழியாகத் திறன் எப்படி உயர்கிறது என்பதை ஒரு பம்ப் மோட்டாரை வைத்துப் பார்க்கலாம். கோயம்புத்தூரில் செய்யும், மோட்டாரும் பம்பும் ஒரே உடலாக அமைந்த மோனோபிளாக் பம்பின் மோட்டாருக்குள் இருப்பவை சிலிக்கன் எஃகுத் தகட்டில் அடித்தெடுத்த ஸ்டாம்பிங், செம்புக் கம்பிச் சுற்று, பேரிங், தண்ணீர் மோட்டாருக்குள் புகாமல் தடுக்கும் சீல் ஆகியவை. ஸ்டாம்பிங் தகட்டின் ரகம் மட்டமாக இருந்தால் காந்தப்புலம் மாறும் ஒவ்வொரு முறையும் தகட்டிலேயே மின்சாரம் வெப்பமாக வீணாகும். அந்தச் சூட்டைத் தாங்கிக் குறித்த குதிரைத்திறனைத் தர வேண்டுமென்றால் தகட்டு அடுக்கை நீளமாக வைக்க வேண்டும், செம்பும் கூடுதலாகப் பிடிக்கும். இழப்பு குறைந்த நல்ல தகடு கிடைக்கும்போது, அதே பிரஸ்ஸில், அதே வைண்டிங் மேசையில், அதே ஆள் செய்யும் மோட்டாருக்குச் செம்பு குறைகிறது, சோதனை மேடையில் திரும்பும் உருப்படி குறைகிறது, வாங்கும் விவசாயிக்கு மின்சாரமும் மிச்சமாகிறது. ஆளின் திறமையோ முதலாளியின் ஊக்கமோ மாறவில்லை. கணக்கில் மட்டும் உற்பத்தித்திறன் ஏறுகிறது. பேரிங்கிலும் சீலிலும் இதே கதைதான். அச்சு ஒரு நூலளவு தப்பிய பேரிங் ஒன்று மொத்த மோட்டாரையும் பழுதுக்கு அனுப்பிவிடும் என்பதால், மலிவான உதிரியின் தரக்குறைவு விலையுயர்ந்த முழுப் பொருளின் தலையில் விடிகிறது.

முன்பு கிடைக்கவே கிடைக்காத இடுபொருள் இப்போது கிடைக்கிறது என்பது இதைவிடப் பெரிய பலன். பினெலோப்பி கோல்ட்பெர்க், கண்டேல்வால், நினா பாவ்ச்னிக், டோபலோவா ஆகிய நால்வரும் 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி, சீர்திருத்தத்துக்குப் பிறகு இடுபொருள் இறக்குமதியில் ஏற்பட்ட வளர்ச்சியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அதற்கு முன் இந்தியாவுக்கு வராத புதிய ரகங்கள். அந்தக் காலத்தில் இந்திய நிறுவனங்கள் புதிதாகச் செய்யத் தொடங்கிய பொருள்களில் சராசரியாக 31 சதவீதத்துக்கு இடுபொருள் வரிக் குறைப்பே காரணம். இல்லாத மூலப்பொருளின் விலை எல்லையற்றது என்று பொருளியலில் சொல்வார்கள். அந்த விலை திடீரென எட்டும் தொலைவுக்கு வந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

விற்கும் பொருளின் வரியையும் வாங்கும் பொருளின் வரியையும் தனித்தனியாகப் பார்த்தே ஆக வேண்டும் என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். உலகச் சந்தையில் 100 ரூபாய் விலையுள்ள ஒரு பொருளைச் செய்ய 60 ரூபாய்க்கு இடுபொருள் தேவை என்று கொள்வோம். ஆலை சேர்க்கும் மதிப்பு 40. இரண்டுக்கும் 50 சதவீத வரி இருந்தால் உள்நாட்டு விலை 150, இடுபொருள் செலவு 90, சேர்க்கும் மதிப்பு 60. ஆலைக்கு உண்மையில் கிடைக்கும் பாதுகாப்பு 50 சதவீதம். முழுப் பொருளின் வரியை 20 சதவீதத்துக்குக் குறைத்து இடுபொருள் வரியை அடியோடு நீக்கினாலும், 120இல் 60 போக, அதே 60தான் மிஞ்சும். ஆலை எதையும் இழக்கவில்லை. நுகர்வோர் 30 ரூபாய் குறைத்துக் கொடுக்கிறார். ஏற்றுமதி செய்பவரின் கணக்கு இன்னும் கூர்மையானது. அவருக்கு வெளியே கிடைப்பது 100 மட்டுமே. வரி கட்டிய இடுபொருளுக்கு 90 போனால் கூலிக்கும் வட்டிக்கும் லாபத்துக்கும் சேர்த்து 40க்குப் பதிலாக 10தான் எஞ்சும். இடுபொருள் மீதான வரி என்பது ஏற்றுமதி மீதான வரி என்று சொல்வது இதனால்தான். முழுப் பொருளுக்கு 10, இடுபொருளுக்கு 30 என்று வரி தலைகீழானால் 110இல் 78 போக 32 மிஞ்சும். வரி எதுவும் இல்லாதிருந்தால் கிடைக்கும் 40ஐவிட அது குறைவு. பாதுகாப்பு என்ற பெயரில் இப்படித் தண்டனை வாங்கும் தொழில்கள் இன்றும் உண்டு.

மிச்சமான பணம் யாரிடம் போயிற்று என்பது அடுத்த கேள்வி. 1986 முதல் 1993 வரையிலான தரவுகளை வைத்துப் பிரவீண் கிருஷ்ணாவும் தேவாஷிஷ் மித்ராவும் 1998இல் எழுதியபோது, போட்டி கூடியதால் அடக்கவிலைக்கு மேல் நிறுவனங்கள் வைக்கும் லாப விளிம்பு இறங்கியது என்றும், உற்பத்தித்திறன் வளர்ச்சிக்கு ஓரளவு சான்று இருக்கிறது என்றும் கண்டார்கள். பின்னர் இன்னும் நீண்ட காலத்தையும் அதிகத் தொழில்களையும் எடுத்துக்கொண்டு யான் டி லோக்கரும் கோல்ட்பெர்க் குழுவினரும் 2016இல் வெளியிட்ட ஆய்வு வேறு படத்தைத் தந்தது. விலைகள் இறங்கின என்பது மெய்; ஆனால் இடுபொருள் வரி குறைந்ததால் அடக்கவிலை அதைவிட அதிகமாக இறங்கியது, அந்த வித்தியாசத்தை நிறுவனங்கள் தங்களிடமே வைத்துக்கொண்டன. வர்த்தகத் தாராளமயம் லாப விளிம்பை நெருக்கும் என்ற பாடநூல் எதிர்பார்ப்புக்கு நேர்மாறாக, சராசரி விளிம்பு கூடியது. இதை வெறும் கொள்ளை என்று தள்ளிவிடத் தேவையில்லை, ஏனென்றால் புதிய பொருளை உருவாக்கும் செலவு அந்த லாபத்திலிருந்துதான் வந்திருக்கும். ஆயினும் தாராளமயத்தின் பலன் முழுவதும் நுகர்வோருக்குப் போய்ச் சேர்ந்தது என்று மேடையில் பேசுபவர்கள் இந்த ஆய்வைப் படித்ததாகத் தெரியவில்லை.

இனி, நடக்காமல் போன வழி. சிலி நாட்டில் 1979 முதல் 1986 வரை உற்பத்தித் துறையின் மொத்தத் திறன் 19 சதவீதம் உயர்ந்தது. அதில் மூன்றில் இரண்டு பங்கு, திறன் குறைந்த ஆலைகளிலிருந்து திறன் மிகுந்த ஆலைகளுக்கு உற்பத்தி இடம் மாறியதால் வந்தது என்று பாவ்ச்னிக் காட்டினார். கனடாவில் அமெரிக்காவுடனான தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்துக்குப் பிறகு, கனடா அதிகமாக வரியைக் குறைத்த தொழில்களில் வேலைவாய்ப்பு 12 சதவீதம் சுருங்கியது, தொழிலாளர் உற்பத்தித்திறன் 15 சதவீதம் உயர்ந்தது என்பது டேனியல் டிரெஃப்ளரின் கணக்கு. பலவீனமான ஆலைகள் சுருங்கியதால் வந்த திறன் அது. அதற்கு வேலை இழந்தவர்கள் கொடுத்த விலையும் அதே வாக்கியத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. இந்தியாவில் ஆன் ஹாரிசன், லெஸ்லி மார்ட்டின், ஷாந்தி நடராஜ் ஆகியோர் 1985 முதல் 2004 வரை பார்த்தபோது, 1991ஐ அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளில் மட்டும் இந்த இடமாற்றம் குறிப்பிடத்தக்க அளவில் நடந்தது. மொத்தக் காலத்தில் பெரும்பங்கு, பிழைத்து நின்ற ஆலைகள் தத்தம் வேலையை மேம்படுத்திக்கொண்டதால் வந்தது.

காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. நூறு தொழிலாளருக்கு மேல் உள்ள ஆலையை மூட அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற விதி 1980களிலிருந்து இருந்தது. 2020இல் இயற்றிய தொழிலுறவுச் சட்டத்தொகுப்புதான் அந்த எண்ணிக்கையை 300ஆக உயர்த்தியது. நலிந்த கம்பெனிகளின் வழக்குகள் அதற்கென அமைத்த வாரியத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. காலக்கெடுவோடு கூடிய திவால் சட்டம் 2016இல்தான் வந்தது. எதிர்ப்பக்கத்தில், திறனுள்ளவன் வளரவும் தடை இருந்தது: எண்ணூறுக்கும் மேற்பட்ட பொருள்கள் சிறுதொழிலுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டிருந்தன, அந்தப் பட்டியலின் கடைசி இருபது பொருள்கள் 2015இல்தான் நீக்கப்பட்டன. ஒதுக்கப்பட்ட பொருளை வெளிநாட்டுப் பெருநிறுவனம் செய்து இறக்குமதியாக அனுப்பலாம், உள்நாட்டுப் பெருநிறுவனம் செய்யக்கூடாது என்ற விந்தையான நிலை 2001க்குப் பிறகு சில காலம் இருந்தது. உள்ளே வர வாசலைத் திறந்துவிட்டு, வெளியேறும் வாசலையும் மாடிப்படியையும் பூட்டி வைத்ததைப் போன்றது இது. சாங்-டை ஷியேவும் பீட்டர் கிளெனாவும் 2009இல் செய்த மதிப்பீட்டின்படி, முதலும் உழைப்பும் அமெரிக்காவில் ஆலைகளுக்கிடையே பங்கிடப்படும் அளவுக்கு இந்தியாவில் பங்கிடப்பட்டிருந்தால் உற்பத்தித் துறையின் திறன் 40 முதல் 60 சதவீதம் வரை கூடியிருக்கும்.

ஆலைக்குள்ளேயே எவ்வளவு இடம் மிச்சமிருந்தது என்பதற்கு நிக்கலஸ் புளூமும் அவருடன் இருந்தவர்களும் மும்பையை அடுத்த நெசவாலைகளில் நடத்திய சோதனை நல்ல சான்று. இறக்குமதி தாராளமாகி ஏறத்தாழ இருபது ஆண்டு கழிந்த நிலையிலும், அந்த ஆலைகளில் நூல் இருப்பு கணக்கின்றிக் குவிந்து கிடந்தது, துணியில் விழும் பழுது எந்தத் தறியில் எதனால் விழுந்தது என்று யாரும் குறித்து வைக்கவில்லை, கருவிகள் தரையில் சிதறிக் கிடந்தன. இருப்புக் கணக்கு, பழுதுப் பதிவேடு, தினசரிக் கூட்டம் போன்ற சாதாரண ஒழுங்குகளை ஆலோசகர்கள் கொண்டுவந்ததும் முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் உயர்ந்தது. போட்டி தானாகவே இந்த ஒழுங்கைக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் துணி மீதான வரி அப்போதும் உயர்வாகவே இருந்தது, உரிமையாளர் குடும்பத்துக்கு வெளியே பொறுப்பைக் கொடுக்கத் தயங்கிய நிறுவனம் வளரவும் இல்லை, மடியவும் இல்லை.

இவற்றுக்கு மாறான ஆய்வுகளும் உள்ளன, அவற்றை மறைப்பது நேர்மையாகாது. புலப்ரே பாலகிருஷ்ணன், புஷ்பாங்கதன், சுரேஷ் பாபு ஆகியோர் 1988-89 முதல் 1997-98 வரையிலான நிறுவனத் தரவுகளைப் பார்த்து, சீர்திருத்தத்துக்குப் பிறகு உற்பத்தித்திறன் வளர்ச்சி வேகமெடுத்ததாகச் சான்று இல்லை என்று 2000இல் முடிவு கூறினார்கள். ஆல்பர்ட் பொல்லார்ட், கிளெனா, குஞ்சன் ஷர்மா மூவரும் 1993 முதல் 2007 வரை பெரிய ஆலைகளின் திறன் வியக்கத்தக்க வேகத்தில் வளர்ந்ததைக் கண்டார்கள். ஆனால் அந்த வேகத்தில் வரிக்குறைப்பும் உரிமநீக்கமும் அந்நிய முதலீட்டு அனுமதியும் விளக்கக்கூடிய பங்கு சிறியது என்றே அவர்கள் கணக்கு சொன்னது. என் பார்வையில் இவை ஒன்றையொன்று அழிப்பவை அல்ல. டோபலோவா ஆய்வு கேட்பது, வரி அதிகம் குறைந்த தொழில் வரி குறைவாகக் குறைந்த தொழிலைவிட முன்னேறியதா என்பது; மற்றவை கேட்பது, நாட்டின் மொத்த வளர்ச்சியில் எவ்வளவுக்கு வரி காரணம் என்பது. முதல் கேள்விக்கு ஆம் என்ற விடையும் இரண்டாவதற்குக் கொஞ்சமே என்ற விடையும் ஒருசேர உண்மையாக இருக்க முடியும்.

கார்த் தொழில் இந்தப் படத்தில் எளிதில் பொருந்தாது. அதனாலேயே அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். முழுமையாகக் கட்டிய காரின் இறக்குமதி 2001 வரை கட்டுப்பாட்டில் இருந்தது, அதன் பிறகும் புதிய காருக்கு 60 சதவீதமும் அதற்கு மேலும் வரி நீடித்தது. ஆகவே இறக்குமதிப் போட்டி என்பதே இல்லை. போட்டி வேறு வடிவில் வந்தது: வரி மதிலுக்கு வெளியே நின்று விற்க முடியாத நிறுவனங்கள் உள்ளே வந்து ஆலை கட்டின. மறைமலைநகரில் ஃபோர்டும் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும் 1990களின் நடுவில் வந்தது இப்படித்தான். மூன்றாம் ஆண்டுக்குள் 50 சதவீதமும் ஐந்தாம் ஆண்டுக்குள் 70 சதவீதமும் உள்நாட்டுப் பாகங்கள் இருக்க வேண்டும் என்று 1997இல் அரசு விதித்த நிபந்தனை, உலக வர்த்தக அமைப்பில் தோற்றுப் பின்னர் கைவிடப்பட்டாலும், அதற்குள் பாகங்கள் செய்யும் நிறுவனங்கள் வேர்விட்டுவிட்டன. சென்னைப் பாடியில் இருந்த சுந்தரம்-கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல், தர மேலாண்மைக்கு ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசைப் பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்றுக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் முறை. அடுத்த சில ஆண்டுகளில் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், டிவிஎஸ் மோட்டார், ரானே பிரேக் லைனிங்ஸ் ஆகியவையும் பெற்றன. பாதுகாப்பு வாதிகள் இதை உயர்ந்த வரியின் வெற்றி என்பார்கள். தாராளவாதிகள் பாகங்களுக்கும் இயந்திரங்களுக்கும் வரி குறைந்ததைச் சுட்டுவார்கள். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. முழுப் பொருளுக்கு வரி உயர்ந்திருந்தும் திறன் கூடியதற்குக் காரணம், மதிலுக்கு உள்ளேயே கடுமையான போட்டி இருந்ததும், குறித்த நேரத்தில் பழுதில்லாத பாகம் கேட்கும் வாடிக்கையாளர் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்ததும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இரண்டு மூன்று கம்பெனிகள் மட்டும் பங்கிட்டுக்கொண்ட பழைய கார்ச் சந்தையிலும் வரி உயர்வாகத்தான் இருந்தது. அங்கே திறன் கூடவில்லை.

சிறு பட்டறைகளையும் தொழிலாளரையும் பற்றி ஆய்வுகள் சொல்வது குறைவு. பதிவு பெற்ற தொழிற்சாலைகளில் இடுபொருள் வரிதான் முக்கியம் என்றால், பதிவு பெறாத சிறு பட்டறைகளில் விற்பனைப் பொருளின் வரிக்குறைப்பே திறனை உயர்த்தியது என்று ஷாந்தி நடராஜ் 2011இல் காட்டினார். அந்த உயர்வு திறன் அடிமட்டத்தில் இருந்த பட்டறைகளின் பக்கத்திலேயே அதிகம் தெரிந்தது; அவற்றில் பல காணாமல் போனதன் கணக்கு அது என்று படிப்பதே பொருத்தம். பெரிய ஆலையை மூடச் சட்டம் தடுத்தது, ஐந்து பேர் வேலை செய்யும் பட்டறை மூடியதை எந்தப் பதிவேடும் குறிக்கவில்லை. வரிக்குறைப்பால் அதிகம் பாதிக்கப்பட்ட கிராமப்புற மாவட்டங்களில் வறுமை குறைந்த வேகம் மற்ற மாவட்டங்களைவிட மந்தமாக இருந்தது என்பதும் டோபலோவாவின் முடிவுதான். நலிந்த தொழிலை விட்டு மக்கள் வேறு ஊருக்கும் வேறு தொழிலுக்கும் எளிதாக மாறவில்லை. அமைப்புசார் ஆலைகளில் கூடிய திறன் கூலியாக எவ்வளவு வந்தது என்று பார்த்தால் மனம் நிறைவடையாது: நிகர மதிப்புக் கூட்டலில் (இடுபொருள் செலவும் தேய்மானமும் போக ஆலை சேர்க்கும் மதிப்பில்) தொழிலாளர் கூலியின் பங்கு 1980களின் தொடக்கத்தில் 30 சதவீதத்தை ஒட்டி இருந்தது, 2007-08 வாக்கில் 10 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது, ஒப்பந்தத் தொழிலாளரின் பங்கு 2000ஐ ஒட்டி ஐந்தில் ஒன்றாக இருந்தது, இப்போது ஐந்தில் இரண்டு. இதற்கு வர்த்தகக் கொள்கை மட்டுமே காரணம் என்று யாரும் நிறுவவில்லை, இயந்திரமயமாக்கலின் பங்கு பெரிது. உற்பத்தித்திறன் உயர்வும் கூலி உயர்வும் ஒரே வேகத்தில் போகும் என்று எண்ணக்கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

உச்ச வரி 2007-08இல் 10 சதவீதம் வரை இறங்கிய பிறகு, கடந்த பத்தாண்டில் காற்று திசை மாறியிருக்கிறது. 2017 இறுதியிலிருந்து கைப்பேசிக்கு வரி உயர்ந்து 20 சதவீதமானது, பாகங்களுக்கும் படிப்படியாக வரி வந்தது. ஏற்றுமதிக்கான கைப்பேசி உற்பத்தி பெருகியதும் பாகங்களின் வரி சுமையாகி, 2024 ஜனவரியில் பல பாகங்களின் வரியை 15இலிருந்து 10 சதவீதத்துக்கும், ஜூலையில் கைப்பேசியின் வரியை 15 சதவீதத்துக்கும் குறைத்தார்கள். சதவீதத்தில் தெரியாத தடை இன்னொன்று உண்டு. எஃகுக்கும் செயற்கை இழைகளுக்கும் தரக்கட்டுப்பாட்டு ஆணைகள் வந்தபோது, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் உரிமம் பெறாத வெளிநாட்டு ஆலையின் சரக்கை எந்த வரி கட்டியும் இறக்க முடியாமல் போயிற்று. நுகர்வோரைக் காக்க வந்த விதி என்று தோன்றினாலும், இங்கே வாங்குபவர் தகட்டையும் இழையையும் தானே சோதித்துப் பார்க்கத் தெரிந்த ஆலைக்காரர். 1980களின் உரிம முறையில் இருந்த அதே கட்டமைப்பு இது, உள்ளூரில் ஒருவர் செய்கிறார் என்பதே வெளியிலிருந்து வாங்கவிடாததற்குப் போதுமான காரணம். 2025 நவம்பரில் பாலியெஸ்டர் இழை, விஸ்கோஸ் இழை உள்ளிட்ட பல இடுபொருள்களுக்கான ஆணைகளை அரசு விலக்கிக்கொண்டது.

அந்த ஆணைகள் சில ஆண்டுகள் நீடித்ததற்கும், இடுபொருள் வரிகள் எல்லா நாடுகளிலும் எளிதில் இறங்காததற்கும் காரணம் ஒன்றுதான். இழையும் எஃகும் செய்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய பெரிய நிறுவனங்கள்; ஒரு சதவீத வரியும் அவர்களுக்குப் பல நூறு கோடி, டெல்லியில் அமைச்சக வாசலில் நிற்க அவர்களுக்கு ஆளும் உண்டு. அதை வாங்கி நூற்பவரும் நெய்பவரும் பம்ப் செய்பவரும் ஆயிரக்கணக்கில் ஊர் ஊராகச் சிதறியிருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் இழப்பு கிலோவுக்குச் சில ரூபாய். கொள்கை எழுதுகிறவர் மேசைக்கு முதலில் வந்து சேர்வது முன்னவரின் மனு.